ட்ரெய்லர் டயருக்கு வயசு பாருங்க

டெக்சஸ் வெயில்ல சும்மாவே நின்ன நம்ம மூடின ட்ரெய்லர போன வாரம் வெளிய எடுத்தேன், டயர் பட்டன் எல்லாம் புதுசு மாதிரி அப்படியே இருக்கு ஆனா சைடுவால்ல (டயரோட பக்கவாட்டுல) பொடிப்பொடியா வெடிப்பு, அங்கயே அச்சடிச்சிருக்கற டாட் (DOT) நம்பரோட கடைசி நாலு இலக்கம் 2317, அதாவது 2017ல 23வது வாரம் செஞ்சது. ட்ரெய்லர் டயர் பெரும்பாலும் தேயறதுக்கு முன்னாடியே வயசாகிடுதுங்க, அஞ்சாறு வருஷத்துல மாத்திடணும்.

எஸ்டினு (ஸ்பெஷல் ட்ரெய்லர், ட்ரெய்லருக்குனே செஞ்சது) போட்டதுதான் வாங்கினேன், சைடுவால் கெட்டியா இருக்கும். 205/75 ஆர்15 சைஸ்ல சி லோடு ரேஞ்ச் (எவ்ளோ எடை தாங்கும்ங்கற தரம்) 50 பிஎஸ்ஐ காத்தழுத்தத்துல 1820 பவுண்டு தாங்கும், டி ரேஞ்ச் 65ல 2150, கொஞ்சம் மிச்சம் இருக்கட்டுமேனு டி (ரிம்மும் 65 தாங்குமானு பாத்துக்கங்க). காத்து கம்மியா ஓடினா சூடேறி வெடிச்சிரும், அதனால கிளம்புறதுக்கு முன்னாடியே செக் பண்ணிடுவேன். மாட்டி 50 மைல் போனதும் நட்டு திரும்ப டைட் பண்ணேன், ரெண்டு லூசாதான் இருந்துச்சு.