ராத்திரி கூட்ஸ்: கல்லகம் பக்கத்து நாட்குறிப்பு

2025 ஜனவரி 18, சனி

ராத்திரியில் ஓடுகிற கூட்ஸ் வண்டியை ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுக்க நானும் நண்பனும் கிளம்பியிருக்கிறோம். பொங்கலுக்கு வந்த கூட்டம் சென்னை திரும்புகிற நேரம். விழுப்புரம்–திருச்சி கார்டு லைனில் (chord line, அதாவது குறுக்குப் பாதையில்) ராத்திரி முழுக்க எக்ஸ்பிரஸ்தான். பாண்டியன், நெல்லை, மலைக்கோட்டை எல்லாம் போய் முடிகிற வரைக்கும் கூட்ஸை ஏதாவது ஒரு ஸ்டேஷனின் லூப்பில், அதாவது பக்கத் தண்டவாளத்தில், ஒதுக்கிப் போட்டுவிடுவார்கள். பயணிகள் வண்டி எங்கே வருகிறது என்று போனில் பார்த்துக்கொள்ளலாம், கூட்ஸுக்கு அந்த வசதி நமக்குக் கிடையாது. கேட் மூடினால் ஏதோ ஒன்று வருகிறது, அவ்வளவுதான் தகவல்.

இடம் இதே பாதையில் கல்லகம் பக்கம், நண்பனுடைய மாமாவின் மக்காச்சோளக் கொல்லை. அறுத்தாகிவிட்டது, தட்டை மட்டும் நிற்கிறது. ரயில்வே எல்லைக் கல்லுக்கு நன்றாக இந்தப் பக்கம் தள்ளித்தான் கேமரா, ஃப்ளாஷ் ஸ்டாண்டுகளை வைத்தோம். மேலே 25,000 வோல்ட் கம்பி ஓடுகிற இடத்தில் அலுமினிய ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு திரிய ஆசையில்லை, அத்துமீறி உள்ளே போனால் ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவு வேறு இருக்கிறது. மாமா கேட்டது ஒன்றுதான்: "ஏம்ப்பா, இதையே பகல்ல வந்து எடுக்கக் கூடாதா?"

எடுக்கலாம் மாமா. ஆனால் பகலில் எடுத்தால் பின்னால் டவர், வேலிக்கருவை, போஸ்டர் ஒட்டின சுவர் எல்லாம் சேர்ந்தே வரும். ராத்திரியில் நான் எதற்கு வெளிச்சம் போடுகிறேனோ அது மட்டும்தான் படத்தில் இருக்கும். இந்த ஒரு அதிகாரத்துக்காகத்தான் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு நிற்கிறோம்.

ஜனவரி 19, ஞாயிறு

ஃப்ளாஷ் பற்றி நண்பனோடு பெரிய வாக்குவாதம். முழு பவரில் போட்டால் வெளிச்சம் கூடும், அதிலென்ன யோசனை என்கிறான். எங்களிடம் இருப்பது 200 வாட்-செகண்ட் பேட்டரி ஃப்ளாஷ். முழு பவரில் அதன் வெளிச்சம் ஏறக்குறைய நொடியில் 220-ல் ஒரு பங்கு நேரம் நிற்கும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிற வண்டி அந்த நேரத்துக்குள் ஏழெட்டு சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், வேகன் மேல் எழுதியிருக்கிற எழுத்தெல்லாம் இழுபட்டுப் போகும். கால் பங்கு பவருக்கு இறக்கினால் வெளிச்சம் நிற்கிற நேரமும் சுருங்கும், எழுத்து நறுக்கென்று வரும். குறைந்த வெளிச்சத்தை, கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூர்மையாக உணர வேண்டும் என்கிற ஐஎஸ்ஓ அளவை 1600-க்கு ஏற்றியும் ஃப்ளாஷ்களின் எண்ணிக்கையைக் கூட்டியும் ஈடுகட்டலாம். தூரத்தைக் குறைக்க வழியில்லை, தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும் என்பதும் மாறப்போவதில்லை. ஆக இருக்கிற தூரத்துக்கு ஃப்ளாஷ்தான் அதிகம் வேண்டும்.

ஃபோகஸை வெளிச்சம் இருக்கும்போதே ஒரு மின்கம்பத்தில் வைத்து, லென்ஸ் வளையத்தை டேப் போட்டு ஒட்டிவிட்டேன். இருட்டில் கேமராவின் ஆட்டோஃபோகஸை நம்பினால் அது தேடிக்கொண்டே இருக்கும், வண்டி போய்விடும்.

ஜனவரி 29, தை அமாவாசை

நல்ல இருட்டு. வண்டி வரவில்லை, அதனால் பேச்சுதான்.

ராத்திரி ரயில் படம் என்றாலே எல்லோரும் வின்ஸ்டன் லிங்க் பெயரைத்தான் சொல்வார்கள், நியாயம்தான். நியூயார்க்கில் விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்த மனுஷன், 1955-லிருந்து 1960 வரைக்கும் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயின் கடைசி நீராவி எஞ்சின்களை வர்ஜீனியா பக்கம் சுற்றிச் சுற்றி எடுத்தார். மேற்கு வர்ஜீனியாவில் கார்களை நிறுத்திவைத்துப் படம் பார்க்கிற திறந்தவெளி தியேட்டருக்குப் பின்னால் கூட்ஸ் ஓடுகிற படம் 1956 ஆகஸ்டில் எடுத்தது, அதற்கு மட்டும் நாற்பதுக்கு மேல் பல்புகள். ஒரு தடவை எரிந்தால் தூக்கிப் போட வேண்டிய பல்புகள் அவை. அத்தனையையும் ஒரே சரமாக வயரில் கோத்திருப்பார், ஒன்று பழுதானாலும் எதுவுமே எரியாது, மற்ற பல்புகளும் வீணாகாது. வயரில்லாமல் ஃப்ளாஷை எரியவைக்கிற எங்களுடைய ரேடியோ ட்ரிக்கரில் ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு எரியும், ஒன்று கைவிட்டால் படம் பார்க்கும்போதுதான் தெரியும்.

ஆனால் லிங்கை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அவர் ரயில்வே நிர்வாகத்தின் ஒத்துழைப்போடு எடுத்தவர். நாங்கள் யாரோ. எஞ்சினை ஓட்டுகிற லோகோ பைலட் இருட்டுக்குப் பழகின கண்ணோடு அடுத்த சிக்னலைத் தேடிக்கொண்டு வருகிறார், அந்த முகத்தில் ஃப்ளாஷ் அடிப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பக்கவாட்டில் அடித்தால் தெரியாது என்று சிலர் வாதாடுகிறார்கள், சரி, எஞ்சினில் நீங்கள் உட்கார்ந்து பாருங்கள் என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றும். எஞ்சின் எங்களைத் தாண்டிப் போன பிறகுதான் ஃப்ளாஷ். ஃப்ளாஷ் மேல் சிவப்புத் தாள் ஒட்டுவது கிடையவே கிடையாது, சிவப்பு வெளிச்சம் என்றாலே 'நில்'தான். டார்ச்சைக்கூட ஆட்டக் கூடாது, ராத்திரியில் வெள்ளை விளக்கை வேகமாக ஆட்டினாலும் ரயில்காரர்களுக்கு அது 'நில்' என்றுதான் அர்த்தம்.

எஞ்சின் இல்லாமல் என்ன ரயில் படம் என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

பிப்ரவரி 8, சனி

கிடைத்தது! சிமெண்ட் வேகன், மூடின பெட்டிகள், நல்ல நீளம்.

பனி இறங்கியிருந்தது. கேமரா பக்கத்திலேயே ஃப்ளாஷ் இருந்தால் பனித்துளிகள்தான் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும், அதனால் எல்லாவற்றையும் பக்கவாட்டில் தள்ளி, வண்டியின் மேல் சாய்வாக விழுகிற மாதிரி வைத்தோம். சாய்ந்த வெளிச்சத்தில்தான் தகரத்தின் நெளிவு, ரிவெட், கதவுத் தாழ்ப்பாள், மேலே படிந்த சிமெண்ட் எல்லாம் எழும்பி வருகிறது. நேராக அடித்தால் வேகன் தட்டையாக ஒரு சுவர் மாதிரி இருக்கும். ஃப்ளாஷ் தலைக்கு பாலிதீன் உறை, லென்ஸைத் துடைக்க மாமாவின் பழைய வேட்டி.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் வேகன் எண் அப்படியே படிக்க முடிகிறது. பதினொரு இலக்கம்: முதல் இரண்டு வேகன் வகை, அடுத்த இரண்டு எந்த ரயில்வே, அடுத்த இரண்டு செய்த வருஷம், பிறகு வரிசை எண், கடைசியில் சரிபார்க்கிற இலக்கம். வெவ்வேறு வருஷத்து வேகன்கள் அடுத்தடுத்துக் கோத்திருக்கின்றன. பக்கத்தில் சாக்பீஸில் யாரோ கிறுக்கினதும் இருக்கிறது. பகலில் இந்த வண்டி எத்தனையோ தடவை என்னைத் தாண்டிப் போயிருக்கிறது, இதில் ஒன்றைக்கூட நின்று பார்த்ததில்லை.

பிப்ரவரி 11, தைப்பூசம்

நிலா பெரிதாக இருந்ததால் பின்னால் வரப்பும் பனைமரமும் லேசாகப் படத்தில் விழுந்தன. எனக்குப் பிடிக்கவில்லை, நண்பனுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

கடைசியில் வருகிற, கார்டு இருக்கிற பிரேக் வேனுக்கும் ஃப்ளாஷ் போடுவதில்லை. கார்டை 2022-லிருந்து ட்ரெயின் மேனேஜர் என்று சொல்கிறார்கள், கேட்மேனுக்குப் பச்சை விளக்கு காட்ட வெளியே நிற்பவர் அவர், அவருக்கும் கண் கண்தானே. அதனால் அவருக்கு முந்தின வேகனோடு எங்கள் வேலை முடிந்தது.

அடுத்தது, பாதைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு ஃப்ளாஷ். இரண்டு வேகனுக்கு நடுவிலிருக்கிற இடைவெளியில் வெளிச்சம் இந்தப் பக்கம் பாய்ந்தால் வேகன்களைக் கோக்கிற கப்ளிங் நிழலாக நிற்கும். ட்ரிக்கர் அவ்வளவு இரும்பைத் தாண்டி வேலை செய்யுமா என்பது போட்டுப் பார்த்தால்தான் தெரியும். அந்தப் பக்கத்துக் கொல்லைக்காரரிடம் மாமா ஞாயிற்றுக்கிழமை கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார், இருவருக்கும் வரப்புத் தகராறு இருப்பதாகவும் கேள்வி.