ஈரம் போகத் துடைத்தால் போதும்: எட்டு மங்கலச் சின்னங்கள் கொண்ட பூசைக் கிண்ணத்தைப் பேணும் முறை

வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கைத் துலக்கிப் பழகிய கை, பித்தளை என்றாலே புளியையும் உப்பையும் தேடும். பௌத்தப் பூசைக் கிண்ணத்துக்கு அந்த வேகம் ஆகாது. விளக்கின் அழகு அதன் வடிவத்தில் இருக்கிறது. இந்தக் கிண்ணத்தின் அழகோ வெளிப்புறத்தில் மெல்லிசாக எழும்பி நிற்கும் எட்டுச் சின்னங்களில் இருக்கிறது. தேய்க்கத் தேய்க்க முதலில் மழுங்குவது அவைதான்.

சிங்கப்பூரில் இவை நம் வீடுகளுக்குள் வரும் வழிகள் பல. காட்மாண்டு போய்வந்தவர்கள் வாங்கி வருகிறார்கள். புதுமனை புகும்போது பௌத்த நண்பர்கள் பரிசாகத் தருகிறார்கள். சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு, அதே சாலையில் இருக்கும் புத்தர் பல் கோயிலுக்கும் ஒரு நடை போய்வருகிறவர்கள் நம்மில் நிறைய. கிண்ணம் பூசை அலமாரியில் ஏறிவிடுகிறது. எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதை மட்டும் யாரும் கூடவே சொல்லித் தருவதில்லை.

சின்னங்கள் நமக்குப் புதியவை அல்ல. குடை, இணைமீன், நிறைகுடம், தாமரை, வலம்புரிச் சங்கு, முடிவிலா முடிச்சு, வெற்றிக்கொடி, அறச்சக்கரம் என்று எட்டை எண்ணுகிறது திபெத்திய, நேபாள மரபு. நம் நிகண்டுகள் தரும் அட்டமங்கலம் கவரி, நிறைகுடம், கண்ணாடி, தோட்டி (அங்குசம்), முரசு, விளக்கு, கொடி, இணைக்கயல். குடமும் கொடியும் கயலும் இரண்டிலும் உண்டு. முடிவிலா முடிச்சைப் பார்த்தால் சிக்குக்கோலம் போடத் தெரிந்த எவருக்கும் ஒரு நெருக்கம் தோன்றும். தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரும் ஒற்றை இழைதான் அதுவும்.

வாங்கும்போது இந்த முடிச்சில்தான் முதலில் கண் போகவேண்டும். பல்குத்தும் குச்சியின் முனையை இழைமேல் வைத்து மெல்ல நகர்த்திப் பாருங்கள். எங்கும் முட்டி நிற்காமல், ஒன்றின் மேலும் அடுத்ததன் கீழுமாக மாறி மாறிப் போய், புறப்பட்ட இடத்துக்கே வரவேண்டும். அடுத்து சங்கு: அதன் வாய் பார்ப்பவரின் வலப்பக்கம் திறந்திருக்கவேண்டும். உள்ளிருந்து தட்டி எழுப்பும் வேலையில் படம் இடம் வலமாக மாறிவிழும். அதைக் கணக்கில் எடுக்காமல் அடித்தால் வலம்புரி இடம்புரியாகிவிடும். சக்கரத்துக்கு எட்டு ஆரங்கள். புத்தர் சொன்ன எட்டு அங்கங்கள் கொண்ட நெறியான அட்டாங்க மார்க்கத்தைக் குறிப்பவை அவை.

கைவேலையா அச்சு வேலையா என்பதற்கு ஒரு கைவிளக்கும் பூதக்கண்ணாடியும் போதும். ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். கையால் அடித்த கோடு ஒரே இழுப்பில் வந்ததாக இருக்காது. முனை மழுங்கிய சிற்றுளியைச் சிறிது சிறிதாக நகர்த்தித் தட்டியதால், ஒன்றன்மேல் ஒன்று ஏறிய குட்டிக் குட்டிப் படிகள் தெரியும். தாமரை இதழ் ஒன்று கொஞ்சம் தடித்திருக்கும், அடுத்தது கூராக முடியும். விரலை உட்புறத்தில் ஓட்டினால் அந்தக் கோடுகள் இலேசாகத் தட்டுப்படும். அச்சில் வந்ததில் இரண்டு மீன்களின் செதில்களும் அளந்து வைத்தாற்போல ஒன்றாகவே இருக்கும். வார்த்து எடுத்ததில் பள்ளங்களுக்குள் மணல் மணலான சொரசொரப்பு தெரியும்.

காட்மாண்டுப் பள்ளத்தாக்கின் பாட்டன் நகரம் இந்த வேலைக்குப் பேர்போனது. அங்கே நேவார் இனக் கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறார்கள். செம்பும் துத்தநாகமும் கலந்த தகட்டைத் தட்டக் குழிவு வருகிறது, உலோகமும் இறுகுகிறது. மேலும் தட்டினால் கீறல் விடும் என்பதால் மங்கிய சிவப்பு நிறம் வரும்வரை காய்ச்சி இளக்கி, மறுபடி தட்டுவார்கள். சின்னம் அடிக்கும்போது தகடு குழைந்து ஓடாமல் தாங்க, குங்கிலியப் பிசினும் செங்கல்தூளும் எண்ணெயும் கலந்த கலவைமேல் பதிப்பார்கள். புதுக் கிண்ணத்தின் இடுக்குகளில் கரிய பிசுக்கு இருந்தால் அது பெரும்பாலும் இந்தக் கலவைதான். டர்பன்டைன் தொட்ட பஞ்சுக்குக் கரைந்துவிடும்.

கடைசியாக அடித்த அடியின் இறுக்கம் கிண்ணத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அதனால்தான் அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானோ மெருகுத் திரவமோ கிட்டவே வரக்கூடாது என்கிறோம். ஆங்கிலேயர் காலத்து இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த பித்தளைத் தோட்டாக் கூடுகள் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாவும், உலோகத்துக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்பது 1921-இல்தான் விளங்கியது. தட்டி எடுத்த கிண்ணமும் அதே சாதி உலோகம். விளிம்பிலிருந்து கீழிறங்கும் மயிர்க்கோட்டு விரிசல் ஒருமுறை விழுந்துவிட்டால், எந்த மெருகும் அதை மூடாது. புட்டியின் முகப்பைப் படித்துவிட்டே வாங்குங்கள்.

இனி நீர் வைக்கும் முறை. ஏழு கிண்ணங்கள், அர்க்கியம், பாத்தியம், புஷ்பம், தூபம், தீபம், கந்தம், நைவேத்தியம் என்ற வரிசைக்கு. நம் கோயில் உபசாரங்களில் கேட்ட சொற்களேதான். ஏழிலும் தண்ணீரை வைப்பதும் வழக்கம். காலையில் பூசை மாடத்தை நோக்கி நின்று இடமிருந்து வலமாக நிரப்பவேண்டும். கிண்ணத்துக்கும் கிண்ணத்துக்கும் ஒரு வாற்கோதுமை மணி இடைவெளி. விளிம்புக்குக் கீழேயும் அதே அளவு விட்டு நிறுத்தவேண்டும். ஊற்றும் தாரை மெல்லிசாகத் தொடங்கி, நடுவில் தடித்து, மெல்லிசாக முடியவேண்டும். வாற்கோதுமை மணியின் வடிவமும் அதுதான். மாலையில் வலமிருந்து இடமாக எடுத்து, தண்ணீரைச் செடிக்கு ஊற்றி, துடைத்துக் கவிழ்த்து வைப்பார்கள். வெறுங்கிண்ணம் வாய்திறந்து நிற்கக்கூடாது.

இந்த மாலை நேரத் துடைப்பில்தான் கிண்ணத்தின் ஆயுளே இருக்கிறது. நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலான நாள்களில் 80 விழுக்காட்டைத் தாண்டும். தேங்கிய தண்ணீர் வற்ற வற்ற அதிலுள்ள உப்புகளும் குளோரைடும் செறிந்து, நீர்மட்டம் நின்ற இடத்தில் வளையமாகக் கறை விழும். நாள்பட்டால் அந்த வளையத்தில் துத்தநாகம் கரைந்துபோய், செம்பு மட்டும் எஞ்சிய சிவந்த புள்ளிகள் தோன்றும். அவை அழுக்கல்ல, அரிப்பு; துலக்கினால் போகாது. காய்ச்சி வடித்த நீர் ஊற்றினால் கறை குறையும். ஆனால் எந்த நீரானாலும் இரவு தங்க விடாதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிட 20 காசு நாணயம் அளவு தண்ணீர் போதும் என்று நாடெங்கும் எச்சரிக்கிறார்கள். வெளியூர் போகும்போது நிரப்பிய கிண்ணங்களை அப்படியே விட்டுப் போவது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஆகவே ஆகாத வேலை. கிண்ண நீரை ஊற்றிய செடியின் அடித்தட்டிலும் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

துடைக்கப் பழைய பருத்தி வேட்டித்துணி நல்லது. உள்ளே சுற்றித் துடைத்து, சின்னங்களின் மேல் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, பத்து நிமிடம் மின்விசிறிக் காற்றில் விட்டுப் பிறகு கவிழுங்கள்.

மாதம் ஒருமுறை ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி மிதமான பாத்திரச் சோப்புத் திரவம் விட்டு, மென்மையான பல்துலக்கியால் கழுவினாலே போதும். பளபளப்பு வேண்டும் என்றால் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை புளி போடலாம். நெல்லிக்காய் அளவு புளியை அரைக் கோப்பை வெந்நீரில் 15 நிமிடம் ஊறவைத்து, கொட்டையும் நாரும் இல்லாமல் வடிகட்டுங்கள். துணியில் தொட்டு உட்புறத்திலும் வெறும் விளிம்பிலும் மட்டும் இரண்டு நிமிடம் தடவுங்கள். சின்னங்கள் உள்ள பட்டையைத் தொடவேண்டாம். பள்ளங்களில் தங்கிய கருமைதான் மீனையும் முடிச்சையும் கண்ணுக்கு எடுத்துக் காட்டுகிறது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டால் எட்டுச் சின்னமும் ஒரே மஞ்சள் மினுக்கில் கரைந்துபோகும். பிறகு இரண்டு முறை அலசி, ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து முக்கி எடுத்து, மீண்டும் அலசி, உடனே உலர்த்துங்கள். புளியில் ஊறப்போட்டால் கிண்ணம் இளஞ்சிவப்பாக மாறும். மேற்பரப்பில் செம்பு மேலோங்கிவிட்டது என்று பொருள். உப்பு சேர்த்தால் குளோரைடு நுண்துளைகளில் தங்கி, வாரங்கள் கழித்துப் பச்சையாக வெளியே வரும். திருநீற்றால் மெருகேற்றுவது நம் பழக்கம். மெல்லிய துணியில் சலித்தால்தான் அதிலுள்ள மணல் துகள் கீறாது. தங்கமுலாம் பூசிய கிண்ணத்துக்குப் புளியும் வேண்டாம், நீறும் வேண்டாம்.

செம்போடு உடன்பிறந்தது களிம்பு என்று சைவ சித்தாந்தம் ஆணவ மலத்துக்கு உவமை சொல்லும். செம்பு கலந்த பித்தளையும் அதற்கு விலக்கல்ல. கெட்டியாக, மெல்லிய படலமாக இருக்கும் களிம்பு அவசரமில்லை. தொட்டால் மாவாக உதிரும் வெளிர்பச்சை மட்டும் பரவக்கூடியது. மூங்கில் குச்சியால் எடுத்து, காய்ச்சி வடித்த நீரில் கழுவி, முற்றாக உலர்த்துங்கள். மினுக்குக்காகத் தேங்காயெண்ணெய் தடவி வைப்பவர்கள் இருக்கிறார்கள். எண்ணெய் நாள்பட ஊசிப்போய் அமிலமாகி, செம்போடு சேர்ந்து பச்சை மெழுகாகிறது. குத்துவிளக்குத் தண்டின் மடிப்புகளில் பிசுபிசுவென்று இருக்குமே, அதுதான்.

நைவேத்தியமாகப் பழமோ தயிரோ வைத்துப் பின்னர் உண்பதானால், உள்ளே சிறு கண்ணாடிக் கிண்ணம் வையுங்கள். புளிப்பு பட்டால் செம்பு உணவில் இறங்கும். சில பித்தளையில் காரீயமும் உண்டு. உலர்ந்த அரிசிக்கு அந்தப் பயமில்லை.

எடுத்து வைக்கும்போது ஒவ்வொன்றையும் தனித்தனிப் பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடி இறுக்கமான டப்பாவில் போடுங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்தவுடன் திறந்தால் குளிர்ந்த உலோகத்தில் பனிநீர் பூக்கும். அரைமணி நேரம் வெளியில் வைத்துவிட்டுத் திறக்கவேண்டும். ரப்பர் வளையம் மட்டும் போடாதீர்கள். அதிலுள்ள கந்தகம், அது சுற்றியிருந்த இடத்தில் கறுப்புக் கோடாக விழுந்துவிடும்.