மெஷினுக்குத் தெரியாத முதல் பத்தி

ஒரு மருத்துவமனைக்கு நாங்கள் டோக்கன் மெஷின் செய்து கொடுத்திருந்தோம். கைபேசி எண்ணைத் தட்டினால் ஓ.பி. சீட்டு வரும். முதல் மாத லாகை, அதாவது மெஷின் தானாகக் குறித்துவைக்கும் பதிவை, திறந்தால், பாதியில் விட்டுப் போனவர்கள் ஏராளம். எல்லாவற்றையும் ‘பயனர் பிழை’ என்ற ஒரே தலைப்பில் போட்டு வைத்திருந்தோம். அந்த வாரம்தான் லூசி சச்மனை மறுபடி எடுத்துப் படித்தேன்.

சச்மன் மானுடவியல் படித்தவர். கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோவிலுள்ள ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில், நகல் எடுக்கும் மெஷினோடு மனிதர்கள் படும் பாட்டை ஆராய்ந்தார். அவர் எடுத்த ஒரு வீடியோவில் இரண்டு பக்க நகல் எடுக்கத் திணறுகிறவர்களில் ஒருவர் ஆலன் நியூவெல்; செயற்கை நுண்ணறிவுத் துறையின் முன்னோடி, 1975இல் கணினித் துறையின் உயரிய விருதான டியூரிங் விருது பெற்றவர். அறிவுக் குறைவு என்று யாரும் சொல்லிவிட முடியாது.

1987இல் புத்தகமாக வந்த ஆய்வில், புதிதாக மெஷினைத் தொடும் இருவரை அவர் ஒன்றாக நிறுத்தினார். இருவர் என்றால் மனதில் ஓடுவதை வாய்விட்டுப் பேசிக்கொள்வார்கள் அல்லவா? பதிவைத் தாளில் அருகருகே நான்கு பத்தியாகப் பிரித்தார். மனிதர் செய்வதில் மெஷினுக்குத் தெரியாதவை, தெரிந்தவை. மெஷின் செய்வதில் மனிதருக்குத் தெரிபவை, அதன் பின்னால் வடிவமைத்தவரின் காரணம். அதே அறிவுரை திரையில் மறுபடி வந்தால் ‘செய்தது தப்பு’ என்றும் கொள்ளலாம், ‘இன்னொரு முறை செய்’ என்றும் கொள்ளலாம். அந்தக் குழப்பத்தை அவர் விரித்துக் காட்டும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன்.

மறுநாள் நான்கு பத்தி போட்ட தாளோடு மெஷின் பக்கத்தில் நின்றேன். ஒரு அம்மா, பழைய சீட்டைத் திரைக்கு நேரே காட்டினார். எண்ணைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே தட்டினார். ஒரு இலக்கம் விட்டுப்போனது. ‘ஓர் எண் குறைகிறது’ என்று காட்டிவிட்டு, அதே பக்கம் வெறுமையாகத் திரும்பி வந்தது.

“என் நம்பர் குடுத்தாச்சே தம்பி. இன்னொரு நம்பர் கேக்குதே, மவன் நம்பர் போடவா?”

குறுக்கிடக் கூடாது என்று நின்றவன் நான். பதில் சொல்ல வாய் வரவில்லை. அவர் மகனின் எண்ணைப் பிழையில்லாமல் தட்டினார். ‘பதிவு இல்லை’ என்றது மெஷின். அப்புறம் நானே கவுன்டருக்கு அழைத்துப் போய்ச் சீட்டு வாங்கிக் கொடுத்தேன்.

லாகில் இருந்தவை மூன்று வரிகள்: ஒன்பது இலக்கம், பத்து இலக்கம், வெளியேற்றம். அவர் யோசித்தது முழுவதும் என் தாளின் முதல் பத்தியில்தான் இருந்தது. அந்த வாசகத்தை எழுதியவன் நான். தமிழில் எண் என்றால் இலக்கமும்தான், முழு நம்பரும்தான். அவர் படித்ததில் ஒரு பிழையும் இல்லை.

அந்த வாசகத்தை எடுத்துவிட்டோம். இப்போது தட்டிய ஒன்பதும் கட்டங்களில் அப்படியே நிற்கின்றன, பத்தாவது கட்டம் மட்டும் காலியாக மின்னுகிறது. ‘பயனர் பிழை’ என்ற தலைப்பையும் லாகிலிருந்து நீக்கினேன்.