இதுவும் அதுவும் ஒன்றா?

“ஒரே வேலைதான் மாமா.”

நான் சொன்னது அவ்வளவுதான். பொய்யுமில்லை. ஆனாலும் இரண்டு வருடமாக அந்த மூன்று சொல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

செங்கலடிப் பக்கம் அவருடைய பட்டிக்கு ஆய்வுக்கு எருமைத் தயிரில் ஒரு மாதிரி எடுக்கப் போயிருந்தேன். எதற்கு என்று கேட்டார். கேட்டால் சொல்லத்தானே வேண்டும்? அதற்கு முந்தைய ஆறு மாதமும் நான் கொம்பியூட்டருக்கு முன்னால்தான் இருந்தேன். பீட்டா கேசீன் என்ற பால் புரதத்தின் 209 அமினோ அமிலங்களையும் வரிசையாகக் கொடுத்து, செரிமான நொதிகளான பெப்சினும் டிரிப்சினும் எங்கெங்கே வெட்டும் என்று மென்பொருளிடம் கேட்பது. விழுகிற துண்டுகளை ஏற்கெனவே தெரிந்த பெப்டைடுகளின், அதாவது இப்படியான சின்னப் புரதத் துண்டுகளின், தரவுத்தளத்தோடு ஒப்பிடுவது. அப்புறம் ஒவ்வொன்றையும் ஏசிஇ நொதியின் குழிக்குள், அங்கிருக்கும் துத்தநாக அயனிக்குப் பக்கத்தில், பொருத்திப் பார்ப்பது. அந்த நொதி வேலை செய்தால் ஆஞ்சியோடென்சின் 2 உண்டாகி இரத்தக்குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும். துண்டு குழியில் பொருந்தி அதைத் தடுத்தால் இறங்கும். ஒரு துண்டு நல்ல மதிப்பெண் எடுத்தது. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

இதைத்தான் மாமாவுக்கு விளங்கப்படுத்தினேன். கொஞ்சம் சோடித்தும் சொன்னேன். பிரேசில் நாட்டு விரியனின் விஷத்திலிருந்த பெப்டைடைப் பார்த்துத்தான் இதே நொதியைத் தடுக்கும் கப்டோபிரில் என்ற பிரஷர் குளிசையையே செய்தார்கள், 1981இல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது என்றேன். அவருக்குப் பாம்புக் கதை பிடித்துப்போயிற்று. உள்ளே போய் கிளினிக் குளிசைப் பையை எடுத்துவந்தார். எனலபிரில். அதே குடும்பம்.

“அப்போ மனே, இதுவும் நம்மட தயிரும் ஒண்டா?”

அதற்குத்தான் அந்தப் பதில்.

குளிசையை விடச் சொன்னேனா? இல்லை. ஆனால் அவர் கேட்டது நொதியைப் பற்றி இல்லை என்பது, பையை அவர் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

சொல்லியிருக்க வேண்டியது எதுவும் எனக்குத் தெரியாததல்ல. மென்பொருள் வெட்டக்கூடிய இடமெல்லாம் வெட்டும்; வயிறு அப்படி வெட்டாது. வெட்டினாலும் துண்டு குடலில் மேலும் சிதையாமல் இரத்தத்துக்குப் போய்ச் சேரவேண்டும். துண்டு பெரிதானாலே பொருத்தும் மதிப்பெண்ணும் ஏறிவிடும். என்னுடையதில் ஏழு அமினோ அமிலம். ஜப்பானில் 1995இல் புளித்த பாலில் கண்டுபிடித்த பேர்பெற்ற இரண்டு பெப்டைடுகளுக்கும் மூன்று மூன்றுதான். அவற்றையும் பாக்டீரியாதான் வெட்டிக் கொடுத்தது. மாமா ஊற்றும் உறையில் என்ன பாக்டீரியா இருந்ததோ! என் மென்பொருளில் உறைக்கு இடமே இல்லை. ஆய்வுகூடச் சோதனைக்கு வேண்டிய வினைபொருள் அன்றுவரை வந்து சேரவுமில்லை.

இதையெல்லாம் சொல்லியிருந்தால் “அப்போ என்னத்துக்கு மனே ஆறு மாசம்?” என்று கேட்டிருப்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தேனோ என்னவோ. அதற்காகக் கணிப்பே வீண் என்றும் சொல்லமாட்டேன். அத்தனை துண்டுகளில் எதைக் காசு கொடுத்துச் செய்வித்துச் சோதிப்பது என்று பொறுக்கியெடுக்க, எங்களைப் போன்றவர்களுக்கு இதைவிட மலிவான வழி கிடையாது. சரி, பாருங்கள், இப்போதும் நியாயம்தான் பேசுகிறேன்.

அடுத்த முறை போனபோது அதே பை வளையில் தொங்கியது. எட்டிப் பார்த்தேன். ஒரு மாதத்துக் குளிசை அப்படியே இருந்தது. “மறந்திட்டன் மனே” என்றார். போன வருடமும் இவர் இப்படித்தான் என்றார் மாமி. அதைக் கேட்டதும் எனக்கு வந்த ஆறுதலை நினைத்தால் இப்போது கூசுகிறது.

தயிர் வேறு, குளிசை வேறு, ஒருநாளும் விடாதீங்க என்று இருவருக்கும் சொன்னேன். அன்றைக்கு ஒன்று என்றீங்களே என்று அவர் கேட்கவில்லை. தலையாட்டினார். புறப்படும்போது தயிர்ச் சட்டிக்குக் காசு நீட்டினேன். வாங்க மறுத்துவிட்டார்.