அப்பாவின் வேட்டிகள்: மார்ச் மாத நாட்குறிப்பு

மார்ச் 3, செவ்வாய்

அப்பாவின் ஏழு வேட்டிகளையும் கூடத்தில் விரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஐந்தில் சாம்பார், ஒன்றில் வெற்றிலைச் சாறு, ஒன்றில் எதுவென்று சொல்ல முடியாத பழுப்பு. எல்லாக் கறைகளும் வலது தொடைப் பக்கமாகவே இருக்கின்றன. அவர் திரும்பி வருவதற்குள் இவற்றில் ஒன்றுகூட அவர் கண்ணில் படக்கூடாது.

மார்ச் 4

அவசரப்பட்டுவிட்டேன். சாம்பார்க் கறை மீது சலவைக் கட்டியைத் தேய்த்த அடுத்த நொடியே மஞ்சள் நிறம் இரத்தச் சிவப்பாக மாறியது. வேட்டியையே கெடுத்துவிட்டேன் என்று நடுங்கிப் போனேன். பிறகுதான் ஆரத்தித் தட்டு நினைவுக்கு வந்தது. மஞ்சள் நீரில் சுண்ணாம்பு விழுந்தவுடன் சிவப்பதும் இதுவும் ஒன்றே. சுண்ணாம்பிலும் சவுக்காரத்திலும் இருப்பது காரம். நன்றாக அலசி, எலுமிச்சைச் சாறு நான்கு சொட்டு விட்டதும் பழைய மஞ்சளுக்கே திரும்பியது. ஆனால் நிறம் மாறியதே தவிரக் கறை போகவில்லை.

மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் தண்ணீரில் ஏறக்குறைய கரைவதில்லை, எண்ணெயில் கரையும். தாளித்த எண்ணெயோடு சேர்ந்து அது நூலுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே முதலில் எண்ணெயை எடுக்க வேண்டும். பாத்திரம் துலக்கும் திரவத்தைத் தடவி, அரை மணி நேரம் வைத்திருந்து, அலசி, ஈரத்தோடு மாடிக் கொடியில் போட்டேன். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். மஞ்சள் தடவிய தாலிக்கயிறு சில நாட்களில் வெளுத்துப் போவதைப் பார்த்துப் பழகிய நாம், கறைக்கு மட்டும் ஏன் வெயிலை நம்புவதில்லை என்று தெரியவில்லை.

மார்ச் 6

இரண்டு நாள் வெயிலில் மூன்று வேட்டிகள் வெளுத்துவிட்டன. மருத்துவமனையிலிருந்து செய்தி இல்லை.

மார்ச் 7, சனி

இன்று முழுவதும் ஜமக்காளத்தோடு போயிற்று. அன்று காலை அவர் கையிலிருந்து டம்ளர் நழுவியபோது பால் காபி முழுவதும் அதில்தான் கொட்டியது. அந்தக் கலவரத்தில் யாரோ வெந்நீரை ஊற்றித் துடைத்திருக்கிறார்கள். பால், முட்டை, இரத்தம் போன்ற புரதக் கறைகளுக்கு வெந்நீர் ஆகாது. பாத்திரத்தில் பால் அடிப்பிடிப்பதுபோல அது நூலில் இறுகிவிடும். குளிர்ந்த நீர்தான் முதலில்.

பவானி ஜமக்காளம் கனமான பருத்தி நூலால் நெய்தது. சிவப்பும் பச்சையும் பட்டை பட்டையாக அருகருகே ஓடும். எனவே ஓரத்தில் ஈரமான வெள்ளைத் துணியை அழுத்தி, சாயம் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்ட பிறகே தொடங்கினேன். தேய்க்கவில்லை. தேய்த்தால் கறை அகலும், நூலும் பிசிறு எழும். சலவைத் திரவம் கலந்த குளிர்ந்த நீரில் பழைய வேட்டித் துண்டை நனைத்து, விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஒற்றி ஒற்றி எடுத்தேன். துண்டில் பழுப்பு இறங்க இறங்க, மனத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. மாலையில் கறை கண்ணுக்குத் தெரியவில்லை.

மார்ச் 8

காலையில் கறை மீண்டும் வந்துவிட்டது. அதே இடம், அதே வடிவம்.

மேற்பரப்பு காயும்போது அடியில் தங்கிய ஈரம் மேலே ஏறிவருகிறது. வரும்போது கரைந்திருக்கும் அழுக்கையும் நூல் நுனிக்குக் கொண்டுவந்து விட்டுவிடுகிறது. மறுபடியும் ஒற்றினேன். இம்முறை மேலே நான்காக மடித்த துண்டை விரித்து, அம்மிக்குழவியைக் கிடத்திவிட்டுப் படுத்தேன். ஏறிவரும் அழுக்கு துண்டில் ஏறட்டும்.

மார்ச் 9

துண்டில் பழுப்பு வட்டம். ஜமக்காளத்தில் இல்லை. இரவு அண்ணன் பேசினார். குழாயை இன்னும் எடுக்கவில்லையாம்.

மார்ச் 11

அவருடைய நாற்காலி மெத்தையில் முட்டை மஞ்சள் கரு. மேலே காய்ந்து நின்றதைக் கரண்டி விளிம்பால் சுரண்டி எடுத்தேன். எலுமிச்சை இதற்கு உதவாது, ஏனெனில் புளிப்பும் புரதத்தைத் திரட்டிவிடும். நொதி கலந்த சலவைத் தூளைக் குளிர்ந்த நீரில் கரைத்து, நுரையை மட்டும் வைத்து ஒற்றினேன். மெத்தையை ஊறவைக்கக் கூடாது. உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு எளிதில் காயாது, வாடை பிடிக்கும், ஈரம் காய்ந்த எல்லையில் வளையம் விழும்.

அண்ணி உதவ வந்தவர் வெளுப்புத் திரவத்தையும் வினிகரையும் ஒரே வாளியில் ஊற்றப் போனார். கையைப் பிடித்துத் தடுத்தேன். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன். அவரும் பத்து நாட்களாகத் தூங்கவில்லை.

மார்ச் 13, வெள்ளி

வேட்டிகளைத் தேடும்போது அலமாரியின் அடியில் அப்பாவின் கல்யாணப் பட்டு அங்கவஸ்திரம் கிடைத்தது. 1979. ஓரத்தில் உள்ளங்கை அகலத்திற்குப் பழுப்புத் திட்டு. பாயசம் என்று அத்தை சொல்கிறார். சர்க்கரை காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆண்டுகள் போகப் போகவோ சூடு படும்போதோதான் பழுப்பேறும். இதைச் சலவைக்கடையில் அலசாமலே தேய்த்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்த இஸ்திரிச் சூட்டை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. பட்டும் புரதமே, ஆகவே வெளுப்புத் திரவம் அதைக் கரைக்கும், நொதித் தூளும் அரிக்கும். பூந்திக்கொட்டை ஊறிய நீரில் மெதுவாக அலசி, நிழலில் காயவைத்தேன். திட்டு மங்கியது, போகவில்லை.

மார்ச் 14

ஏழாவது வேட்டியின் பழுப்பு எதுவென்று தெரிந்துவிட்டது. வாழைக்கறை. ஜனவரியில் கொல்லையில் தார் வெட்டியபோது அவர் கட்டியிருந்த வேட்டி இதுதான். பால் சொட்டும்போது நிறமே இருக்காது. காற்றுப் பட்டுத்தான் கறுக்கும். இதற்கு மருந்து எதுவும் பலிக்கவில்லை. அன்று அவர் தாரைத் தனியாகத் தோளில் சுமந்து வந்தார்.

மார்ச் 16

மூட்டம். எதுவும் காயவில்லை. வாழைக்கறை வேட்டியை மடித்து மற்ற ஆறின் மேல் வைத்தேன். பிறகு எடுத்து அடியில் வைத்தேன்.

மார்ச் 17

நேற்று மாலை வாய்வழியாக நான்கு கரண்டி ரசஞ்சாதம் கொடுத்தார்களாம். அண்ணன் அழுக்குத் துணிப்பையை வாசலில் வைத்துவிட்டு உடனே திரும்பிவிட்டார். சட்டையின் மார்பில், பொத்தானுக்கு அருகில், கட்டைவிரல் அகலத்தில் மஞ்சள். பாத்திரத் திரவம் தடவி வைத்திருக்கிறேன். வெயில் பத்து மணிக்குத்தான் மாடிக்கு வரும்.