கொக்கட்டிச்சோலை தேடலில் வரவில்லை

மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளின் சில பாடசாலை நூலகங்களுக்காக நாங்கள் ஏழு பேர் ஓய்வு நேரத்தில் எழுதிவந்த திறந்த மூல நூற்பட்டியல் மென்பொருளின் முதல் வெளியீடு, ஒரு வழுவை, அதாவது மென்பொருள் பிழையை, என்ன செய்வதென்று தீர்மானிக்க முடியாமல் இரண்டு வாரம் கிடப்பில் கிடந்தது. அதைக் கண்டுபிடித்தவர் பரீட்சார்த்தமாகப் பயன்படுத்திப் பார்த்த ஒரு நூலகப் பொறுப்பாசிரியை. "கொக்கட்டிச்சோலை எண்டு அடிச்சா ஒண்டும் வருகுதில்லையே மனே" என்றார். அவ்வூரைப் பற்றிய நூல்கள் அவருடைய அலுமாரியிலேயே இருந்தன.

பழைய பட்டியலைப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவிலிருந்து இன்றைய பொதுத் தரமான யுனிகோடுக்கு மாற்றிய நிரல், 'கொ'வில் உள்ள கொம்பையும் காலையும் இரண்டு குறியீடுகளாக எழுதியிருந்தது. இன்றைய விசைப்பலகையில் தட்டினால் அவை ஒரே குறியீடாக விழும். யுனிகோட் தரம் இரண்டையும் சமமாகவே கொள்கிறது. ஒப்பிடுவதற்கு முன் அவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராதது எங்கள் தவறு.

இது வெளியீட்டைத் தடுக்க வேண்டிய வழுவா என்று வாக்கெடுத்தோம். நாலுக்கு மூன்று, ஆம். மறுநாள் ஒருவர் மனம் மாற, நாலுக்கு மூன்று, இல்லை. எதிர்த்தவர்களிடம் விசாரித்தபோதுதான், அவர்கள் வழுவின் கடுமையை அன்றி, திருத்துவதற்கு ஆகும் வேலையை நினைத்தே வாக்களித்திருந்தார்கள் என்பது விளங்கியது. ஒரே சீட்டில் இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதியிருந்தோம்.

பெரிய திட்டங்கள் என்ன செய்கின்றன என்று அதன் பிறகே தேடினேன். லினக்ஸ் இயங்குதளமான டெபியனில் இதற்கு வாக்கெடுப்பே இல்லை. கடுமை நிலைகளில் மேல் மூன்றில் அடங்கும் வழுக்கள் வெளியீட்டைத் தடுக்கும், இறுதி முடிவு வெளியீட்டுக் குழுவினுடையது. ஏழு பேரில் யாரைக் குழுவாக்குவது? இன்னொரு லினக்ஸ் இயங்குதளமான பெடோராவின் முறை எங்களுக்குப் பொருந்தியது. அங்கே வெளியீட்டுக்கான நிபந்தனைகள் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். வாக்காளர், குறித்த வழு அவற்றில் ஒன்றை மீறுகிறதா என்பதற்கே கூட்டல் ஒன்று, பூச்சியம், கழித்தல் ஒன்று என வாக்களிக்கிறார். கூட்டம் கூடாமல் எழுத்திலேயே முடிவெடுப்பதாயின் மூன்று வாக்கு வித்தியாசம் வேண்டும். தடுக்கும் அளவுக்குப் பெரிதல்லாத வழுவுக்கு, வெளியீட்டுக்கு முன் மாற்றங்களை நிறுத்திவைக்கும் உறைநிலைக் காலத்திலும் திருத்தத்தை ஏற்கும் விதிவிலக்கு தனியாக உண்டு. வெளியிடலாமா என்று முடிவெடுக்கும் கூட்டத்துக்கு முந்திய கடைசி ஐந்து நாட்களுக்குள் முன்வைக்கப்படும் வழுவை அடுத்த வெளியீட்டுக்குத் தள்ளிவைக்கவும் இடமுண்டு.

கல்லடியில் ஒரு நண்பர் வீட்டு முற்றத்தில் கூடி, "பட்டியலில் உள்ள நூலை அதன் தலைப்பில் வரும் எந்தச் சொல்லாலும் கண்டுபிடிக்க முடிய வேண்டும்" என்பதை முதல் நிபந்தனையாக எழுதினோம். அந்த ஒரு வரிக்கே இரண்டு மணி நேரம் போயிற்று; 'எந்தச் சொல்லாலும்' என்பதை நீக்கச் சொன்ன அக்கரைப்பற்றுத் தோழர் கடைசிவரை இறங்கி வரவில்லை. வாக்கு கூட்டல் ஐந்து, கழித்தல் ஒன்று, பூச்சியம் ஒன்று. வழு தடுப்பு வழுவாயிற்று. திருத்தம், பயந்ததற்கு மாறாக, ஒரே இரவில் முடிந்தது.

வெளியீட்டுக்கு இரண்டு நாள் இருக்கையில், அலுமாரிச் சிட்டைகள் அச்சாகும்போது கடைசி எழுத்து வெட்டுப்படுவதை நானே கண்டு முன்வைத்தேன். நான் வற்புறுத்திச் சேர்த்த ஐந்து நாள் விதியைக் காட்டி அதை அடுத்த வெளியீட்டுக்குத் தள்ளினார்கள். இரண்டு பாடசாலைகளுக்கு நான் சிட்டைகளைக் கையால் எழுதிக் கொடுத்தேன்.