போரிவலி காட்டுல உடும்பும் கூன்வண்டும்

மழை முடிஞ்சதும் மும்பைல இருக்குற கான்ஹேரி குகைக்கு போலாம்னு மச்சான் நச்சரிச்சுட்டே இருந்தான், சரின்னு சயான்ல ஏறி தாதர்ல வெஸ்டர்ன் லைனுக்கு மாறி போரிவலி போயி, நேஷனல் பார்க் கேட்ல இருந்து ஆறேழு கிலோமீட்டர் பஸ்ல. பாறைய குடைஞ்ச குகை நூத்துக்கு மேல இருக்கு, அத பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க, நான் விட்டுடுறேன்.

படிக்கட்டு பக்கம் ஒரே கூட்டம். "மாப்ள, உடும்பு டா!" நாலடி இருக்கும், பாறைல வெயில் காஞ்சிட்டு, பிளந்த நாக்க நீட்டி நீட்டி வாசனை புடிச்சிட்டு இருந்துச்சு. ஒரு மராத்தி தாத்தா 1670ல சிவாஜியோட தளபதி தானாஜி ஆளுங்க சிங்ககட் கோட்டை சுவர்ல உடும்ப ஏத்தி, அதுல கட்டுன கயித்த புடிச்சு ஏறுன கதைய பசங்களுக்கு சொல்லிட்டு இருந்தாரு. சூப்பர் கதை, ஆனா ஒரு ஆள் வெயிட்ட இது தாங்குமா? இந்தோனேசியால இருக்குற இதோட சொந்தக்காரன் கொமோடோ டிராகன், 3 மீட்டர் வரைக்கும் வளரும், அதுல கட்டுனா கூட நம்பலாம்.

அப்பதான் என் சட்டைக் கைல ஏதோ ஊறுச்சு. சாம்பல் கலர்ல ஒரு கூன்வண்டு, அரிசி மணி சைஸ்தான். போன் கேமராவ ஜூம் பண்ணி பாத்தா மூஞ்சி முன்னாடி மூக்கு மாதிரி நீண்டிருக்கு, நுனில வாய், மூக்குல இருந்தே ரெண்டு கொம்பு கிளம்பி பாதில முழங்கை மாதிரி மடங்குது. லேசா தொட்டேன், காலெல்லாம் மடக்கி பொத்துனு கீழ விழுந்து செத்த மாதிரி நடிக்குது! உடும்பு பக்கம் நான் திரும்பவே இல்ல.

வீட்ல அரிசி டப்பால வர்றதும் இந்த கூட்டம்தான், பொண்ணு வண்டு மணிய துளைச்சு முட்டை வச்சு பசை மாதிரி ஒன்ன போட்டு ஓட்டைய அடைச்சுடும், புழு உள்ளயே தின்னு வளந்து வண்டாத்தான் வெளிய வரும், அதனாலதான் எவ்ளோ பொடச்சாலும் தீரமாட்டேங்குது. உடும்பு வகை உலகத்துலயே 80 சொச்சம், கூன்வண்டு 50,000க்கு மேல. அவ்ளோ கெத்தா படுத்திருந்த உடும்பும் வண்டு, புழுன்னு நோண்டித் தின்னுதான் பொழைக்குது.

மச்சான் உடும்ப மட்டும்தான் ஸ்டேட்டஸ் போட்டான், அதுவும் பாதி வாலு. போறவங்க திங்கக்கிழமை போயிடாதீங்க, லீவு. சாப்பாட்டு பைய கெட்டியா புடிச்சுக்கோங்க, குரங்கு ஜாஸ்தி.